ஓரக்கண்ணைப் பிடிக்கத் தெரியாத ஆப்

லேப்டாப் கேமராவை வைத்தே கவனத்தை அளந்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிற ஒரு ஆப்புக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன், 499 ரூபாய். பெயர் வேண்டாம், இதே ரகத்தில் நிறைய இருக்கின்றன. என்னை இழுத்தது விளம்பரத்தில் இருந்த மைக்ரோசக்கேட் என்ற வார்த்தை. ஒரு புள்ளியை ஆடாமல் அசையாமல் பார்ப்பதாக நாம் நினைக்கும்போதும் கண் சும்மா இருப்பதில்லை, மெல்ல வழுக்குகிறது, நடுங்குகிறது, நொடிக்கு ஒன்றிரண்டு தடவை வெடுக்கென்று துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் மைக்ரோசக்கேட். பெரும்பாலும் 1 டிகிரிக்கும் குறைவு, 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் திரையில் 1 செ.மீ. கூட வராது. நாமாகச் செய்வதுமில்லை, நடப்பது நமக்குத் தெரிவதுமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு திரை வரும்: நடுவில் கூட்டல் குறி, சுற்றிலும் வெளிறிய நாலு வட்டங்கள். குறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகின்றன. ஆப்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறதோ என்று கண்ணை நகர்த்தினேன், நாலும் அப்படியே இருந்தன! 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் எழுதிவைத்த விஷயம் இது. மாறாமல் ஒரே இடத்தில் விழுகிற பிம்பத்தைப் பார்வை சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், குட்டித் துள்ளல்கள்தான் அதைத் தட்டி எழுப்ப உதவுகின்றன. 1950களில் கண்ணில் லென்ஸ் மாட்டி, பிம்பமும் கண்ணோடு சேர்ந்தே நகரும்படி செய்தபோது பார்த்துக்கொண்டிருந்ததே மங்கி மறைந்துபோனது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு இந்தத் திரையைக் காட்டினேன், அம்மா இரண்டு தடவை பார்த்தார்.

அப்புறம் அளவெடுப்பு. ட்யூப்லைட் என் மூக்குக் கண்ணாடியில் பட்டதால் மூன்று முறை 'முகம் தெரியவில்லை'. நாலாவது முறை, வேண்டுமென்றே குறியைப் பார்த்தபடி அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். கவனம் 91. அடுத்து வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாக, முன்பணம் எழுதியிருந்த பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படித்தேன். 56! கண் ஓடியதாம். படித்தால் ஓடாமல் என்ன செய்யும்?

இதற்குக் காரணம் எளிது. என் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லிசெகண்ட். ஒரு துள்ளல் பத்து முப்பது மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கண் எங்கே பார்க்கிறது என்பதிலேயே வெப்கேம் 1 டிகிரிக்கு மேல் தவறும்போது அதைவிடச் சின்ன அசைவை எப்படிப் பிடிக்கும்? விறகுக்கடைத் தராசில் மூக்குத்தியை நிறுக்கிற கதை. ஆய்வகங்களில் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, ஐலிங்க் 1000 போன்ற கருவியால் நொடிக்கு 1000 தடவை கண்ணைப் படிக்கிறார்கள்.

அப்படி அளந்தாலும் துள்ளல் கவன மீட்டர் ஆகாது. பஸ்ஸில் போனைப் பார்த்தபடியே முன் சீட்டுக்காரர் எழுகிறாரா என்று கவனிப்போமே, அந்த ஓரக்கண் கவனம் போகிற பக்கமாகவே துள்ளல்கள் சாய்கின்றன என்று ஆய்வாளர்கள் ஹாஃபெட், கிளார்க் 2002இலும், எங்பெர்ட், கிளீகல் 2003இலும் காட்டினார்கள். திடீரென்று ஏதாவது தோன்றினால் துள்ளல்கள் சட்டென்று குறைந்து, பிறகு ஏறுவதும் உண்மை. ஆனால் 2007இலேயே ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்தத் துள்ளல்களைக் கவனத்தின் அடையாளமாக எடுக்கக் கூடாது என்று மறுத்தார்கள், துள்ளலே இல்லாத நேரத்திலும் கவனத்தின் விளைவு மூளையில் இருக்கிறது என்று 2022இல் ஆய்வுகள் வந்தன. தொடர்பு உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கான தடவை சோதித்துச் சராசரி எடுத்தால் தெரிகிற சாய்வு அது. ஒரு நிமிஷம் உட்காரவைத்து 91, 56 என்று போடுகிற சமாச்சாரம் இல்லை.

இதைவிட எரிச்சல், பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவும் பெற்றோருக்கு வாராந்திர ரிப்போர்ட்டும். கணக்குப் போடும்போது ஜன்னலைப் பார்த்து யோசிக்கிற பிள்ளைக்கு இது என்ன மார்க் போடும் என்று சொல்லவே வேண்டாம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

5க்கு 2, அதுவும் வட்டத் திரைக்காக. சந்தாவை நிறுத்திவிட்டேன், பணம் திரும்ப வரவில்லை. வட்டங்களை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அதற்குக் கேமராவே தேவையில்லை.