மன்றோவுக்கு பைண்டிங் போட்ட கடை

சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த பைண்டிங் கடை. போர்டு கிடையாது. கட்டிங் மெஷின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடைக்காரர் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் கொண்டுபோனது, வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவைப் பற்றிய பழைய இங்கிலீஷ் புத்தகம். அப்பாவுடையது. ஓமலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1980இல் அந்தப் பதவியையே அரசாங்கம் எடுத்துவிட்டது. பிறகு நான் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) ஆகி 28 வருடம் அதே அடங்கலைத்தான், எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற கணக்கைத்தான், எழுதினேன்.

கடைக்காரர் புத்தகத்தை வாங்கி முதுகைத் தடவிப் பார்த்தார். “சார், இது ஒரே இடத்துலதான் உடைஞ்சிருக்கு” என்றார். உண்மைதான். போர்ப் பக்கங்கள் எல்லாம் கட்டுக்குலையாமல் இருந்தன. 1780இல் பதினெட்டு வயசுப் பையனாக மதராஸில் இறங்கி ஹைதர் அலியோடும், அப்புறம் திப்புவோடும் சண்டை போட்டது, 1817-18இல் கையில் இருந்த கொஞ்சம் படையை வைத்துக்கொண்டு பாதாமி, பெல்காம், சோலாப்பூர் என்று மராட்டியக் கோட்டைகளைப் பிடித்தது, எதிலும் விரல் கறை இல்லை. பிய்ந்து தொங்கியது 1792 முதல் 1799 வரைக்குமான பாராமகால் பக்கங்கள். பாராமகால் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமை.

அப்பாவும் நானும் மாறி மாறிப் பிரித்தது அந்த இடத்தைத்தான். திப்பு தோற்று பாராமகாலும் சேலமும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்கு வந்தபோது, சிவில் அதிகாரிகளுக்கு ஊர்ப்பாஷை தெரியவில்லை என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பட்டாளத்துக்காரர்களையே வசூலுக்கு அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமை, மன்றோ உதவியாள். தர்மபுரியில் இருந்துகொண்டு வயல் வயலாக அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவன் பேரிலேயே தீர்வை (நிலவரி) போட்டார்கள். ரயத்துவாரி என்கிற அந்த முறை அங்கே உருவானதுதான். வாளை வைத்துவிட்டு நிலம் அளக்கிற சங்கிலியைத் தூக்கினார் மன்றோ என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. பிடித்த நாட்டில் வரி வாங்குவதும் போரில் பாதிதான். ஆனாலும் ராயலசீமையில் தான் போட்ட தீர்வையே அதிகம், அதில் கால்வாசியைக் குறைக்க வேண்டும் என்று 1807இல் மேலிடத்துக்கு எழுதிய ஆள் அவர். அப்படி எழுதிய தாசில்தாரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

கடைக்காரருக்கு இதெல்லாம் வேண்டாம். “மன்றோன்னா மந்திராலயத்துல ராகவேந்திரர் காட்சி கொடுத்த தொரைதானே?” என்றார். அந்தக் கதைதான் அந்தப் பக்கம் இன்னும் ஓடுகிறது. மன்றோ கவர்னராக இருக்கும்போதே 1827இல் காலராவில் செத்ததும் அதே கர்நூல் சீமையில், பத்திகொண்டாவில்தான். அதைச் சொன்னேன். “அப்படியா!” என்று கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

இனி வேலை. பாகம் பாகமாகப் பிரித்து, கையாலேயே நூல் போட்டுத் தைத்திருக்கிறார். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம். கறுப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை, முதுகில் தங்க எழுத்து. புத்தகம் இப்போது மேஜையில் எந்தப் பக்கத்தில் விரித்தாலும் மூடாமல் கிடக்கிறது. 450 ரூபாய்க்கு இது மலிவு. பத்து நாள் என்றார், மூன்று வாரம் ஆனது. போகட்டும்.

குறை என்னவென்றால், ஓரம் சமமாக வரவேண்டும் என்று மூன்று பக்கமும் மெஷினில் கொடுத்து வெட்டிவிட்டார். பாராமகால் பக்கங்களின் ஓரத்தில் அப்பா பென்சிலில் குறிப்பு எழுதியிருந்தார். ‘நம்ம ஊர் புஞ்சை’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘நம்ம ஊர்’ மட்டும் இருக்கிறது. கேட்டதற்கு, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். நான் சொல்லவில்லைதான்.

வெட்டிய துண்டுகள் இருக்குமா என்று மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சாக்கில் கட்டி எடைக்குப் போட்டாயிற்றாம். நீங்கள் கொடுக்கும்போது ‘ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று ஒரு சீட்டு எழுதி முதல் பக்கத்திலேயே வைத்துக் கொடுங்கள். ஞாயிறு லீவு. மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை சாப்பாட்டுக்குப் போய்விடுவார்.