டூரிஸம் எம்.பி.ஏ.வா, ஹெரிடேஜ் படிப்பா?

அக்கா மகள் பி.ஏ. வரலாறு முடித்த கையோடு வந்து நின்றாள். "மாமா, டூரிஸம்ல எம்.பி.ஏ. பண்ணட்டுமா? இல்ல, ஹெரிடேஜ்னு தனியா ஒண்ணு இருக்காமே, அதுவா?" காரைக்குடியில் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவன் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

கல்லூரிகளின் கையேட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதைப் புரட்டினாலும் ஒரு கோபுரம் படம். அதனால் அவளைச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்குக் கூட்டிப் போய், பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் முன் நிறுத்தினேன். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் எனும் பூப்போட்ட தரை ஓடு. பங்காளிகள் பலர், சாவி ஒருவரிடம், வீட்டு வரி கட்டுவது வேறொருவர். ஒழுகும் மூலையில் சுண்ணாம்புப் பூச்சு உரிந்து தொங்குகிறது.

எம்.பி.ஏ. படித்தவள் இங்கே முதலில் அறைகளை எண்ணுவாள். எத்தனை அறை தேறும், வாடகை என்ன வைக்கலாம், மதுரை விமான நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம், ஏப்ரல் மே வெயிலில் யார் வருவார்? இளக்காரமான கேள்விகள் இல்லை இவை. இங்கே பல வீடுகள் இடிபடாமல் நிற்பதே ஹோட்டலாக மாறியதால்தான். புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. எழுத வேண்டும். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983இல் தொடங்கிய இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனத்துக்குத் தலைமையிடம் குவாலியர். நமக்குக் கிட்டத்தில் நெல்லூர் வளாகம். வேலை சீக்கிரம் கிடைக்கும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்கள் பத்து நிமிடத்தில் டூர் பேக்கேஜுக்கு விலை போட்டுவிடுவார்கள். 'இந்த வீட்டில் இப்போது ஏன் யாரும் இல்லை?' என்று விருந்தினர் கேட்டால்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கட்டடப் பாதுகாப்பு என்பது வேறு தடம். கட்டடக்கலை சொல்லித் தரும் டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் இரண்டும் நல்ல இடங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் கெடும் என்பதை ஆதாரத்தோடு சொல்லக் கற்றுத் தருவார்கள். ஆனால் பி.ஆர்க். எனும் கட்டடக்கலைப் பட்டம் வேண்டும். இவளுக்கு அந்தக் கதவு இல்லை. கல்வெட்டு, தொல்லியல் என்று ஆழமாகப் போக நினைத்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே அவள் கேள்வியில் பாதிக்குத்தான் விடை.

மூன்றாவதுதான் அவள் கேட்ட ஹெரிடேஜ், அதாவது மரபுப் படிப்பு. ஜெர்மனியின் காட்பஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகம் 1999 முதல் உலக மரபுச் சின்னங்களுக்கென்றே முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. ஆங்கில வழி, நான்கு செமஸ்டர். 1972ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபு உடன்படிக்கையிலிருந்து மேலாண்மைத் திட்டம் எழுதுவது வரை வரும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலக மரபுப் பட்டியலுக்கு முந்தைய படியில், இருக்கின்றன. உலக மரபுப் பட்டியலிலேயே ஏறினால் இந்தப் பங்காளிகளின் பேச்சு எடுபடுமா, அதிகாரியின் பேச்சா என்பது அங்கே பாடம்.

அப்படியே ஆத்தங்குடிக்குப் போனோம். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, குழைத்த நிறச் சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றினார் ஒருவர். அச்சைத் தூக்கினால் பூ. மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். சூளையே கிடையாது; காய்ந்ததும் கண்ணாடி கழன்று வரும், அதுதான் அந்தப் பளபளப்பு. நான் கூட்டி வருகிறவர்கள் இங்கே கால் மணி நேரம் படம் பிடிப்பார்கள். அந்தக் காசு எனக்கும் ஹோட்டலுக்கும் போகும். இவர் கூலி அதனால் ஒரு ரூபாய் ஏறியதில்லை. எம்.பி.ஏ.வில் இது ஒரு 'அனுபவம்'. மரபுப் படிப்பில் கைவினை. உள்ளூர் மக்களின் வளர்ச்சியையும் சேர்த்துச் சொல்லித் தருகிற படிப்பில்தான் இவர் கூலி கணக்கில் வரும். பாடத்திட்டத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பார் என்றேன்.

பணத்துக்கு வருவோம். காட்பஸில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் எடுக்கும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் படிப்புச் சான்றுகள் உண்மை என்று சொல்லும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். பிரிட்டனில் ஓராண்டில் முடியும், கட்டணம் கண்ணைக் கட்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் கவலை இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும். டென்மார்க், ஸ்லோவேனியா, ஸ்பெயின் என்று மூன்று நாடுகளில் படிக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டச் சுற்றுலா மேலாண்மைப் படிப்பும் உண்டு. உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, போட்டி கடுமை.

வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டுமென்றால் புதுவைதான், அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. அக்கா வீட்டில் அந்த நெருக்கடி கிடையாது. அதனால் ஓரிரு வருஷம் இங்கேயே வேலை பார்த்துவிட்டுக் காட்பஸுக்கோ செவனிங்குக்கோ விண்ணப்பம் போடு என்றேன்.

"யார்கிட்ட வேலை பாக்குறது?" என்றாள்.

"என்கிட்டதான். சம்பளம் பேசிக்கலாம்."

"மொதல்ல அந்தக் கல்லு ஊத்துறவருக்கு எவ்வளவு குடுக்குறீங்கன்னு சொல்லுங்க மாமா."