டூ-டோன் குரோனோகிராஃபா, அறுபது அட்டைக் கட்டா?

மாதச் செலவு போகக் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறது, அதை ஒரு பொழுதுபோக்கில் போடலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஃகும் தங்கமும் கலந்த, அதாவது டூ-டோன், குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள) வாட்ச் ஒரு பக்கம், போக்கிமான் அட்டைகளை வைத்துப் போட்டிகளில் ஆடுவது இன்னொரு பக்கம். இரண்டிலும் பல வருடமாக இருக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அட்டையைத்தான் வைத்துக்கொள்வேன்.

முதலில் வாட்ச். டூ-டோன் என்றாலே 80-களின் நினைவுதான். 1984-ல் வந்த பிரைட்லிங் குரோனோமாட் வாட்சின் பெசலில் (முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தில்) 15, 30, 45 இருக்கும் இடங்களில் தனித்தனித் தகடுகளைத் திருகி வைத்திருப்பார்கள். டூ-டோன் மாடலில் அவை தங்க நிறம். 15-ஐயும் 45-ஐயும் இடம் மாற்றிப் பூட்டினால் ஏறுகணக்கு இறங்குகணக்காகிவிடும், எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்காத யோசனை அது. உள்ளே ஓடும் இயந்திரம் வால்ஜூ 7750. பட்டன் விரலுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அப்புறம் 'டக்'கென்று முள் கிளம்பும். கையைச் சட்டென்று அசைத்தால் ரோட்டார் (தானாகச் சாவி கொடுக்கும் எடை) சுழன்று தள்ளாடுவது மணிக்கட்டிலேயே தெரியும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் பட்டன்களின் ஓரத்தைப் பாருங்கள். முலாம் என்றால் முதலில் தேய்வது அங்கேதான். முள்ளை ஓடவிட்டு ரீசெட் செய்யுங்கள், அது நேராக 12-ல் வந்து நிற்க வேண்டும். சர்வீஸ் செலவு சாதாரண வாட்சைவிடக் கூடுதல் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அட்டை விளையாட்டில் செலவு வேறு மாதிரி. கட்டுக்கு 60 அட்டை, அடிப்படை எனர்ஜி (தாக்குதலுக்குச் சக்தி தரும் அட்டை) தவிர ஒரே பெயரில் 4-க்கு மேல் கூடாது. மினுமினுக்கும் அரிய பதிப்பும் சாதாரணப் பதிப்பும் ஆட்டத்தில் ஒன்றுதான், ஆகவே சாதாரணமானதை வாங்கினாலே போதும். ஆனால் ஸ்டாண்டர்ட் பிரிவில் பழைய அட்டைகள் காலாவதியாகும். 2025 ஏப்ரலில் 'எஃப்' என்ற எழுத்து முத்திரையாக அச்சிட்ட அட்டைகள் அப்படித்தான் வெளியேறின. வாட்சுக்கு இந்தக் கவலை கிடையாது.

அப்படியிருந்தும் ஏன் அட்டை? சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும்போது உங்கள் கட்டிலிருந்து 6 அட்டைகள் பரிசு அட்டைகளாகக் கவிழ்ந்து கிடக்கும், அவை என்னவென்று உங்களுக்கே தெரியாது. முதல்முறை கட்டைத் தேட வாய்ப்பு கிடைத்ததும் தேர்ந்த ஆட்டக்காரர் வேண்டியதை எடுத்துக்கொண்டு சும்மா மூடிவிட மாட்டார், மீதியையும் எண்ணுவார். 4 போட்ட அட்டை கையிலும் கட்டிலும் சேர்த்து 3 தான் இருந்தால், நான்காவது பரிசில் மாட்டிக்கொண்டது. அந்த நொடியே திட்டத்தை மாற்ற வேண்டும், எதிரில் இருப்பவருக்கு அது முகத்தில் தெரியவும் கூடாது. இதை ஒழுங்காகச் செய்ய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. வாட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் என்னை இப்படி வேலை வாங்கியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை: ஆட ஆள் வேண்டும். உங்கள் ஊரில் வாரம் ஒருநாளாவது கூடி ஆடும் கடை இல்லையென்றால் தயங்காமல் வாட்ச் பக்கம் போங்கள்.

பெரிய போட்டிகளில் மூன்று ஆட்டம் கொண்ட ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். சுற்று தொடங்கியதும் குரோனோமாட்டின் பட்டனை அழுத்திவிடுவேன். 30 நிமிடச் சின்ன முள் ஒரு வட்டம் முடித்து 15-ஐத் தொட்டால், மூன்றாவது ஆட்டத்தை முடிக்க இன்னும் 5 நிமிடம் இருக்கிறது.