உடலும் ஆன்மாவும்: ஆறு வார இணைய வகுப்பு பற்றி

அம்மாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லாரும் "உடம்பு வெறும் கூடுதானே" என்றே ஆறுதல் சொன்னார்கள். அந்தக் கூட்டைத்தான் மூன்று வருடம் குளிப்பாட்டித் துடைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். அந்த வார்த்தை எனக்கு ஒட்டவே இல்லை. கத்தோலிக்க மெய்யியல் இதைப் பற்றி என்னதான் சொல்கிறது என்று பார்க்கத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரமே கொடுத்த காசுக்குப் போதும். அரிஸ்டாட்டில் சொன்ன மெழுகு உதாரணத்தை ஆசிரியர் செய்தே காட்டினார். இளகிய மெழுகில் மோதிரத்தை அழுத்தி எடுத்தவர், "மெழுகு வேறு, பதிவு வேறு என்று பிரித்துக் கொடுங்கள் பார்ப்போம்" என்றார். ஆன்மா உடலின் 'உருவம்' என்று 13-ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்க மெய்யியலாளர் புனித தோமா அக்குவினா சொல்வதும் அப்படித்தானாம். உருவம் என்றதும் நான் வெளித்தோற்றம் என்று நினைத்துக் குழம்பினேன். இந்தச் சதையையும் எலும்பையும் உயிருள்ள மனித உடலாக்குவது எதுவோ, அதுதான் உருவம். கப்பலுக்குள் மாலுமி போல ஆன்மா உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. 1312-இல் வியென் நகரில் (இன்றைய பிரான்சில்) கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், ஆன்மா உடலின் உருவம் என்பதையே திருச்சபையின் போதனையாக வரையறுத்தது.

அப்புறம் மூன்றாம் வாரம். இறந்தோர் உயிர்த்தெழுவதைப் பற்றிப் புனித பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15-க்கு (பைபிளில் வருவது) எழுதிய விளக்கத்தில் அக்குவினா, "என் ஆன்மா நான் அல்ல" என்கிறார். வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். நான் எண்ணெய் தேய்த்துவிட்ட அந்தக் கை அம்மாவின் உடைமை அல்ல, அம்மாவேதான்.

குறை ஐந்தாம் வாரத்தில். மெழுகையும் பதிவையும் பிரிக்க முடியாதென்றால், இறந்த பிறகு ஆன்மா மட்டும் எப்படி நிற்கும்? என்னைப் போன்றவர்கள் வருவதே இந்தக் கேள்வியோடுதான். சிந்தனை எந்த உடல் உறுப்பின் வேலையும் அல்ல, அதனால் ஆன்மா அழியாது, ஆனால் உயிர்ப்பு வரை, அதாவது மறுபடி உடலோடு எழும் வரை, அது முழு மனிதராகாது என்று ஆசிரியர் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். மனமும் உடலும் இரண்டு தனித்தனிப் பொருள்கள் என்ற தத்துவவாதி டெக்கார்ட்டுக்கு மட்டும் முழு வகுப்பு! அதைப் பாதியாக்கி இதற்குக் கொடுத்திருக்கலாம். நான் எழுதி அனுப்பிய கேள்விக்கும் பதில் வரவில்லை.

சரி, சேரலாமா? தாராளமாகச் சேரலாம். தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. 1 கொரிந்தியர் 15-ஐ மட்டும் முன்பே ஒருமுறை வாசித்துவிட்டு உட்காருங்கள்.