கொழும்பில் முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? முற்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் அம்மா அப்பாவுக்குக் காசு கட்டி இருக்கும் இல்லம் தேடுகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

பெரியம்மாவுக்கு 79 வயது. யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேஷன் முடிந்ததும் கொழும்புக்குக் கூட்டிவந்தோம். அவருடைய மகன், என் அண்ணா, கனடாவில். என் வீடோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. அதனால் காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த இல்லத்தைப் பேசினோம். முற்பணம் மூன்று இலட்சம், மாதம் 95,000. தனி அறை, 24 மணி நேரமும் நேர்ஸ், தமிழ் பேசும் ஆட்கள், சைவச் சாப்பாடு. முற்பணத்தைப் போகும்போது அப்படியே திருப்பித் தருவோம் என்றார்கள்.

தமிழ் பேசும் ஆட்கள் என்றது ஒரே ஒருவரைத்தான். இடம் பார்க்கப் போன அன்று, "வாங்கோ அம்மா" என்று கைபிடித்துக் கூட்டிப்போன பெண் அங்கே கணக்கு எழுதுகிறவர். பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு இருக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. சுடுதண்ணி கேட்டால் ஃபானைப் போட்டுவிட்டுப் போவார்கள். "பிள்ளை, இரவிலை கூப்பிட்டாலும் ஒருத்தரும் வாறேல்லை" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

வராததற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாடிக்கும் சேர்த்து இரவில் ஒரே ஒரு பிள்ளை. இருபது வயதுகூட இருக்காது. நேர்ஸ் என்று காட்டியது அவளைத்தான், பயிற்சி ஏதும் கிடையாது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம். ஆனால் பிரஷர் எழுதும் கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது பகீரென்றது. காலையும் மாலையும், எல்லா நாளும் 120/80. மாத்திரை போட்டுமே பெரியம்மாவுக்கு 150-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். பக்கத்து அறை அம்மாவின் பக்கத்திலும் அதே 120/80, அதே பேனை.

பில் விஷயம் இன்னும் கெட்டித்தனமானது. பில் அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் போகும், எனக்குக் காட்டமாட்டார்கள். பம்பர்ஸை நான் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதே பம்பர்ஸுக்கு அண்ணாவிடம் காசு எடுத்திருக்கிறார்கள். வராத பிசியோவுக்கும் பில். காசு கட்டுகிறவர் ஒரு நாட்டில், போய்ப் பார்க்கிறவர் இன்னொரு நாட்டில் இருந்தால் இவர்களுக்கு நல்ல வசதி. நாங்கள் இருவரும் போனில் பில்லை வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

பெரியம்மாவைக் கூட்டிப்போகிறோம், முற்பணத்தைத் தாருங்கள் என்றோம். உடனே ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். பணம் வங்கிக்குப் போன பிறகு அனுப்பிய ஒப்பந்தம் அது. அதில் அந்த மூன்று இலட்சத்துக்குப் பெயர் 'அனுமதிக் கட்டணம்', ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் திரும்பக் கிடையாதாம்.

சுவரில் ஃபிரேம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அதைத்தான் எடுப்பார்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து பேருக்கு மேல் முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். கேட்க வேண்டியது அந்தப் பதிவை. அவர்கள் மழுப்பினால், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம், அல்லது நேரே தேசிய முதியோர் செயலகத்திடம் கேட்கலாம்.

இடம் பார்க்கப் பகலில் போகாதீர்கள். இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் போய், மணியடித்து, யார் வந்து கதவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நேரத்தில் விடமாட்டோம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். ஒப்பந்தத்தை முதலே வாங்குங்கள், முற்பணத்தைத் திருப்பித் தருவதாகப் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் காசு கட்டுகிறவருக்கும் போய்ப் பார்க்கிறவருக்கும் வரவேண்டும்.

பெரியம்மா இப்போது தெஹிவளையில் கீழ்த்தள அனெக்ஸ் ஒன்றில், தமிழ் பேசும் ஒரு அக்காவின் துணையோடு இருக்கிறார். செலவு ஏறக்குறைய அதேதான். முற்பணத்துக்காக மத்தியஸ்த சபைக்கு எழுதியிருக்கிறோம், இன்னும் அழைப்பு வரவில்லை. இதே மாதிரி அந்தப் பக்கம் காசு விட்டவர்கள் இருந்தால் எனக்குத் தகவல் போடுங்கள், சேர்ந்து போகலாம்.