ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குக் காய்கறி: பணமா, சந்தையா, வாசல் வண்டியா?

ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஏறி பெங்களூரு வந்து, ஆப்பில் கேட்ட சில நிமிடங்களில் நம் கதவைத் தட்டுகிறது. அதே பக்கத்துக் கிராமங்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலருக்குச் சோறும் ரசமும்தான் சாப்பாடு. ரேஷனில் அரிசி இலவசம், பருப்பும் எண்ணெயும் மலிவு. காய்கறிக்கு அப்படி எதுவும் இல்லை. பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருந்துகொண்டு கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பணம் அனுப்புகிறவர்கள் என்ன செய்யலாம்?

மாதம் ஐநூறு ரூபாய் கூடுதலாக அனுப்புவது எளிது. ஆனால் மாத்திரை, பேரனுக்குத் தின்பண்டம், கல்யாண மொய் எல்லாம் போக மீதிதான் காய்கறிக்கு. தமிழ்நாட்டில் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையும் இப்படித்தான் கரைகிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. 60 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்குக் கூப்பன் தருகிறார்கள். அதைக் கொண்டு உள்ளூர் விவசாயிகளிடம் காய், பழம், தேன் போன்றவை மட்டுமே வாங்கலாம். ஆண்டுக்கே 20 முதல் 50 டாலர்தான், சொற்பத் தொகை. ஆனாலும் அது மொய்க்குப் போகாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று ஓசூர், தர்மபுரி என்று பல ஊர்களில் இருக்கிறது. விலை குறைவு, காயும் அன்று பறித்தது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. சரி, விடியற்காலையில் கிளம்பிப் போய் நாலு கிலோ பையைத் தூக்கி வர முழங்கால் ஒத்துழைக்குமா? தெம்பாக நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மற்றவர்களுக்குச் சரிவராது.

வீட்டுத் தோட்டமா? முருங்கையும் பப்பாளியும் வைக்கலாம். கோடையில் தண்ணீருக்கும், எப்போதும் ஆட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

என் ஓட்டு தெருவில் டிவிஎஸ் எக்ஸெலில் வரும் காய்கறிக்காரருக்கு. அவரிடம் ஒரு நோட்டுக் கணக்கு வைத்து, இங்கிருந்து ஜிபேயில் கட்டிவிடலாம். சந்தையைவிட விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் காய் வாசலுக்கு வருகிறது. ஒரு ஆளுக்குச் சமைப்பவர் ஒரு கட்டுக் கீரையும் ரெண்டு கத்தரிக்காயும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பல் போனவர்களுக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணிதான் வேண்டும், கேரட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மொத்தமாக ஒரு பையைக் கட்டி அனுப்பும் தர்மகாரியங்களில் இதை யாரும் யோசிப்பதில்லை.

கணக்கு வைத்தவர் தலையில் வாடல் காயைக் கட்டுகிற ஆபத்தும் உண்டு. அதனால் மாதக்கணக்கு வேண்டாம், வாரம் இருநூறு என்று வரம்பு வையுங்கள். பணம் போடுமுன் அம்மாவுக்குப் போன் போட்டு என்ன வாங்கினார் என்று கேளுங்கள். வண்டியே வராத ஊரென்றால், சந்தைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். அவருக்கும் ஒரு கிலோ தக்காளிக்குச் சேர்த்து அனுப்புங்கள்.