தனியாத்தான் ஓடுது என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் போன மாதம் 3,500 ரூபாய் கொடுத்தேன். அதோடு 11 வருடமாக வரைந்து சேர்த்ததும் அழிந்துவிட்டது. கடைப்பெயர் வேண்டாம். ஒரு மென்பொருளை மற்றதைத் தொடாமல் தனியாக ஓடும்படி யார் அமைத்துத் தந்தாலும் நீங்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் வியாபாரம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடுகிறவர்கள், "நாலு கல் உடைஞ்சிருக்கு, அதே பூ வேணும்" என்று வருவார்கள். நேரில் போய் அளவெடுத்து வரைந்தால்தான் அதற்கு அச்சு செய்ய முடியும். அப்படிச் சேர்த்த 640 வரைபடங்கள் டி டிரைவில் இருந்தன. அதில் சில வீடுகளே இன்று இல்லை, இடித்துவிட்டார்கள்.

அறை முழுக்கக் கல் பதித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு மென்பொருளின் பீட்டா பதிப்பு, அதாவது இன்னும் சோதனையில் இருப்பது, கிடைத்தது. பாதியில் நின்றுபோகலாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதனால் பயந்து கடைக்குக் கொண்டுபோனேன். "விர்ச்சுவல்பாக்ஸ்ல போட்டுத் தர்றேன் அண்ணே. உள்ள என்ன ஆனாலும் வெளியே ஒண்ணும் ஆகாது. ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வச்சிருக்கேன்" என்றார் அந்தத் தம்பி. விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள், ஸ்னாப்ஷாட் என்பது அந்த உள் கணினியின் அப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது. முறை நல்லதுதான். அதை அவர் செய்து தந்த விதம்தான் கெடுத்தது.

மூன்றாம் நாள் மென்பொருள் உறைந்து நின்றது. மறுபடி திறந்ததும் தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பதாகக் காட்டியது. முடிந்தபோது வரைபட ஃபோல்டர் காலி. ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் இல்லை.

தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். என் டி டிரைவ் முழுவதையும் ஷேர்டு ஃபோல்டராக, அதாவது உள் கணினியும் பயன்படுத்தும்படி பகிர்ந்த ஃபோல்டராக, உள்ளே இணைத்திருந்தார்கள், அதுவும் அழிக்கவும் எழுதவும் முழு அனுமதியோடு. விருந்தாளியை முகப்பிலேயே உட்காரவைத்துவிட்டுப் பெட்டகசாலைச் சாவியைக் கையில் கொடுத்த மாதிரி. அந்த வழியாக உள்ளிருந்து அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஸ்னாப்ஷாட் பட்டியலும் காலியாக இருந்தது. இருந்திருந்தாலும் பயனில்லையாம். அது உள்ளே இருக்கும் கணினியின் வட்டைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும், பகிர்ந்த ஃபோல்டரைத் தொடாது. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடையில் கேட்டதற்கு, "பீட்டான்னா அப்படித்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, மீட்டுத் தர 6,000 கேட்டார். என் கணினியில் இருக்கிற எஸ்எஸ்டி வகை வட்டில் அழிந்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது என்று வந்து பார்த்தவர் சொல்லியிருந்ததால் கொடுக்கவில்லை.

யாராவது செய்து கொடுத்தால் கடையை விட்டுக் கிளம்பும் முன்பே விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். முழு டிரைவ் அங்கே இருக்கவே கூடாது. நகல்களை மட்டும் வைத்த ஒரு சின்ன ஃபோல்டர் போதும், அதிலும் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) டிக் இருக்க வேண்டும். அப்புறம் அந்த ஃபோல்டரில் வெறும் கோப்பு ஒன்றைப் போட்டு, உள்ளே இருந்து அழித்துப் பாருங்கள். அழிந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே தேவைப்படாமல் இருக்கலாம். மென்பொருளை இதே மாதிரி தனியாக ஓட்டிப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் 2019 முதல் அதோடு சேர்ந்தே வருகிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் டிக் செய்தால் வந்துவிடும். மூடியதும் உள்ளே போட்டதெல்லாம் அழிந்துவிடும். ஆனால் இணையம் அதில் இயல்பாகவே திறந்திருக்கும், வேண்டாமென்றால் நாம்தான் அடைக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் ஒரு நகலை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்ததில் இதுவரை 230 படங்கள் திரும்பி வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும், பரவாயில்லை. என்னிடம் கல் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுத் தரையின் வரைபடம் போனில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்து அனுப்புங்கள்.